தாதா வேண்டாம், தம்பியே இருக்கட்டும்

என்ன சார், சிரிக்கிறீங்க? நான் எந்திரிச்சதைப் பாத்துட்டீங்களாக்கும். சிரிங்க, சிரிங்க. கண்டக்டரு படிக்கட்டுல தொங்குற பயலைப் பாத்து "தம்பி, உள்ள ஏறி வா"ங்கிறாரு. அதுக்கு எழுபது வயசைத் தொடப்போற கெழவன், சிவனேன்னு சன்னலோரம் உக்காந்திருக்கவன், விசுக்குன்னு எந்திரிச்சு நிக்கிறேன். நின்னது மட்டுமா, "சாப்!"ன்னு ஒரு சத்தம் வேற. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

பழக்கம் சார். உங்களுக்கு எம்மகன் வயசுதான் இருக்கும். ஆனா உங்களைத் தம்பின்னு கூப்பிட மாட்டேன், சார்னுதான் கூப்பிடுவேன். தம்பிங்கிறது எனக்குள்ள பேரு. சர்க்காரு குடுத்தது.

ரயிலு கேட்டைப் போட்டுட்டான் பாருங்க. ராமேஸ்வரம் வண்டி போனாத்தான் தெறப்பான். அதுவரைக்கும் நீங்களும் எங்கிட்டுப் போகப்போறீங்க? கேளுங்க.

எம்பேரு இருளாண்டி. முதுகுளத்தூருக்குத் தெக்க நம்ம ஊரு. கருவேல முள்ளையும் கானலையும் தவிர வேற வெளைச்சல் கெடையாது. குடிக்கிற தண்ணிக்கே ஊத்துத் தோண்டி, சிரட்டையில மோந்து மோந்து குடத்தை நெப்புற ஊரு. அந்த ஊர்க்காரனைக் கொண்டுபோயி எதுல சேத்தாக தெரியுமா? ஆத்துல பாலம் போடுற பட்டாளத்துல. சர்க்காருக்கு அம்புட்டு அறிவு. நீச்சல்ல நான் பாஸ் பண்ணுன கதையைச் சொன்னா நீங்க இறங்கி நடந்தே போயிருவீங்க. குளத்துல தள்ளி விட்டாக. தத்தளிச்சு, தண்ணியைக் குடிச்சு, எப்படியோ மறுகரையில ஒதுங்குனேன். ஒதுங்குனதை நீச்சல்னு எழுதிக்கிட்டாக.

எங்களை மாதிரி பாலம் போடுற மதராசி சாப்பர்களுக்கு இந்திய ராணுவம் முழுக்க ஒரே பேருதான். தம்பி. பஞ்சாபி, கூர்க்கா, மராட்டி, எவனா இருந்தாலும் எங்களைக் கண்டா "ஏ தம்பி"ம்பான். செல்லமாச் சொல்றதுதான். எனக்கும் முன்னால எத்தனையோ தலைமுறையாச் சொல்லிக்கிட்டிருக்காக. எங்க கேப்டன் ஒரு சர்தார். அவருக்கு எங்க நூத்துச் சொச்சம் பேருல ஒருத்தன் பேரும் வாயில நுழையாது. எல்லாரும் தம்பிதான். "தம்பி, இதர் ஆவோ"ன்னா பத்துப் பேரு ஓடுவோம்.

அப்ப எழுபத்தொண்ணு. வங்காளத்துச் சண்டை வரப்போகுது, வரப்போகுதுன்னு இருந்த சமயம். அந்தப் பக்கம் வெட்டு, குத்து, ஊரு ஊராத் தீ. சனம் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துக்கிட்டே இருந்துச்சு. சட்டி, பானை, ஆடு, கெழவன் கெழவி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு. நாங்க ஒரு ஆத்துக் கரையில கூடாரம் அடிச்சு உக்காந்திருந்தோம். சண்டை மூண்டா அந்த ஆத்துல பாலம் போட்டு, டாங்கியையும் ஆளுகளையும் தாட்டி விடணும். அதான் எங்க சோலி.

ஆறுன்னா நம்ம வைகை மாதிரி மணலா கெடக்கும்னு நெனச்சுக்கிறாதீங்க. நடந்து தாண்டி, செருப்பைத் தட்டிப் போட்டுக்கிட்டுப் போறது இல்ல அது. அக்கரை கண்ணுக்குத் தெரியாது. செம்மண்ணைக் கரைச்சு விட்ட மாதிரி தண்ணி, சுழிச்சுக்கிட்டு, சத்தமே இல்லாம போகும். சத்தம் போட்டாலாவது பரவாயில்ல. முத நாளு அதைப் பாத்ததுமே நான் ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டேன். ஆனா மீசையைப் பாத்தீகளா? இப்ப நரைச்சுப் போச்சு. அப்ப ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம். கையில ரெண்டு பட்டை வாங்கி நாயக் வேற ஆயிட்டேன். இந்த மீசையை வச்சுக்கிட்டு, எனக்குத் தண்ணின்னா பயம்னு எவன்கிட்டச் சொல்ல?

அதனால நான் என்ன செய்வேன், பொழுது சாயுறப்ப கரையோரம் போயிருவேன். பாலம் போடுற தகரப் படகுகளை அங்கதான் அடுக்கி வச்சிருப்போம். அதுக்குப் பின்னால போயித் தனியா உக்காந்துக்குவேன். காத்து வாங்கத்தான். அப்படி ஒருநா உக்காந்திருந்தப்பக் கண்ணுல பூச்சி விழுந்துருச்சு. அந்த ஊருப் பூச்சி கெட்ட பூச்சி சார். ரெண்டு கண்ணுலயும் விழுகும். தொடைக்கத் தொடைக்கத் தண்ணியா ஊத்துது.

அப்பத்தான் பின்னால ஒரு குரலு. "தம்பி!"

கேப்டன்தான்னு அடிச்சுப் புரண்டு எந்திரிச்சேன். பாத்தா ஒரு பொட்டப்புள்ள. எட்டு வயசு இருக்கும். எண்ணெய் காணாத செம்பட்டை முடி. பெரியாளுக சட்டை ஒன்னை முட்டி வரைக்கும் மாட்டியிருக்கா. என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறா. "போ, போ"ன்னு வெரட்டி விட்டேன். போகல. நாந்தான் எந்திரிச்சுப் போனேன்.

எங்க கூடாரத்துக்குப் பக்கத்துலதான் அகதிக இருந்த கொட்டகை. அதுல தாயும் இல்லாம தகப்பனும் இல்லாம ஏழெட்டுப் புள்ளைக. பொழுது விடிஞ்சா எங்க சமையக் கொட்டகையைச் சுத்தியேதான் கெடக்கும். எங்க சாம்பாரைக் குடிச்சுட்டு அதுக மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே! பருப்புல எவனோ புளியைக் கொட்டிப்புட்டான்னு நெனச்சுக்கிட்டு, பாவம், எங்க மேல எரக்கப்பட்டுக் குடிக்கும். பயலுக எல்லாம் ஆளுக்கு ஒரு புள்ளையைச் சேத்துக்கிட்டான். தோளுல தூக்கி வச்சுக்கிறது, தொப்பியை மாட்டி விடுறது, தமிழு சொல்லிக்குடுக்குறது. வா, போ, சோறு, சும்மா இரு, எல்லாம் அதுகளுக்கு அத்துபடி. ஊருல புள்ளைகளை விட்டுட்டு வந்தவன்தானே எல்லாரும். எனக்குத்தான் கல்யாணமாகி ஆறு வருசமாகியும் ஒன்னும் ஆகலை. அதனால நான் இந்த வெளையாட்டுக்கெல்லாம் போறதில்ல. பின்னாடி ரெண்டு பொறந்துச்சு, அது வேற விசயம்.

மறுநா நான் பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிறேன். எங்க பட்டாளக் கம்பெனி மொத்தமும் நிக்குது. அந்தச் செம்பட்டை முடி நேரா எங்கிட்ட வருது. "ஓ தம்பி!"ங்குது. எல்லாரையும் விட்டுட்டு என்னைய மட்டும்.

செபஸ்தியான்னு ஒருத்தன், என் கூட்டாளி, தூத்துக்குடிப் பக்கம். கடல்ல பொறந்து கடல்ல வளந்தவன். அவனுக்கு ஆறெல்லாம் வாய்க்கா மாதிரி. அவன் சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த பல்பொடி எம்மேல தெறிச்சுச்சு. "ஏய் இருளாண்டி, மீசை வச்ச தம்பியை இன்னிக்குத்தான்டா பாக்குறேன்"ங்கிறான். எங்க ஊருல வயசுல மூத்தவனைப் பாத்து ஒரு சின்னது "தம்பி"ன்னுச்சுன்னா சண்டையே வந்துரும். கேப்டன் கூப்பிட்டா அது பட்டாளப் பேரு. ஒரு சுண்டைக்கா கூப்பிட்டா அதை எதுல சேக்குறது?

இதை விடக் கூடாதுன்னு அகதிக் கொட்டகைக்கே போயிட்டேன். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நாந்தான் சார். அங்க நிகில் மாஸ்டர்னு ஒரு பெரியவரு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவரு. அவருதான் அந்தப் புள்ளைகளைப் பாத்துக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சது பட்டாளத்து இந்தி. அவருக்குத் தெரிஞ்சது சினிமா இந்தி. ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரு பஞ்சாயத்து. அந்தப் புள்ள, பேரு பொகுல், பக்கத்துலயே நிக்கிறா. பொகுல்னா அவுக ஊருல ஒரு பூ. நம்ம மகிழம்பூதானாம்.

"மாஸ்டர், இது என்னையத் தம்பிங்குது. தம்பின்னா சோட்டா பாய். நான் பெரிய ஆளு. எடுத்துச் சொல்லுங்க"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. "அப்படியா? சரி, தம்பி வேண்டாம். தாதான்னு கூப்பிடச் சொல்றேன்"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுச்சு சார். முப்பத்திரண்டு வயசு எனக்கு. மீசையில ஒரு நரை கெடையாது. இந்தியில தாதான்னா தாத்தா. இந்த மனுசன் என்னையத் தாத்தான்னு கூப்பிடச் சொல்றாரே! பின்னால செபஸ்தியான் வேற நிக்கிறான். இது அவன் காதுல விழுந்தா பென்சன் வாங்குற வரைக்கும் எனக்குத் தாத்தாதான் பேரு.

"நோ தாதா!"ன்னு கத்திட்டேன். "தாதா வேணாம்! தாதா நஹி! தம்பியே இருக்கட்டும்! சோட்டா பாய், சோட்டா பாய்!" நெஞ்சுல வேற தட்டித் தட்டிக் காட்டுறேன், நான் சின்னத் தம்பி, நான் சின்னத் தம்பின்னு.

மாஸ்டர் என்னைய ஒரு தினுசாப் பாத்தாரு. பெறகு அந்தப் புள்ளகிட்ட அவுக பாசையில ஏதோ சொன்னாரு. அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. மீசையைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் பெரிய மனுசி மாதிரி, "சரி"ங்கிற மாதிரி தலையை ஆட்டுனா. ஆட்டிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அன்னிக்குப் பிடிச்சது சார் சனியன். விடவே இல்ல.

காலையில வருவா. என் காதுக்குப் பின்னால அழுக்கு இருக்கான்னு பாப்பா. இருந்தா அடி. பீடியைப் பத்த வச்சேன்னா பிடுங்கிப் போட்டு மிதிப்பா. ஒருநா அகதிச் சனம் ஆத்துல பிடிச்ச மீனை எங்களுக்குக் குடுத்தாக. அந்த மீனு ருசியான ருசி, ஆனா முள்ளுன்னா முள்ளு, நம்ம கருவேலங்காட்டையே உள்ள வச்சுத் தச்ச மாதிரி. ஒரு வாய் வச்சேன், தொண்டையில சிக்கிருச்சு. கண்ணு பிதுங்குது. பொகுல் ஓடிவந்தா, முதுகுல ஒரு குத்து, வெறுஞ்சோத்தை உருட்டி வாயில ஒரு திணிப்பு. அப்புறம் என் தட்டைப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு முள்ளா எடுத்துட்டு, எனக்கு ஊட்டி விடுறா! இந்திய ராணுவத்து நாயக், எட்டு வயசுப் புள்ள கையால, ஆ காட்டி ஆ காட்டித் திங்கிறேன். நூறு பேரு சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறான். மானம் மரியாதை எல்லாம் ஆத்தோட போச்சு. ஆனா ஒன்னு சார். அந்த மாதிரி மீனு நான் அதுக்கப்புறம் தின்னதே இல்ல.

செபஸ்தியான்தான் அவளுக்கு "அக்கா"ன்னு சொல்லிக்குடுத்தவன். "தம்பிக்கு ஒரு அக்கா வேணும்ல"ன்னான். அதுலருந்து கம்பெனியில எல்லாருக்கும் அவ அக்காதான். கேப்டன் காலையில வரிசையில நிக்கிறப்ப, உன் அக்கா எங்கன்னு கேப்பாரு: "தம்பி, துமாரா அக்கா கிதர் ஹை?" நானும் மொதல்ல மொறைச்சேன். அப்புறம் நானே "அக்கா, அக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். ஒரு அனாதைப் புள்ள, ஆசைக்குக் கூப்பிடுது, போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்தேன். நாம படிக்காத ஆளா இருந்தாலும் மனசு பெரிசு சார்.

ஆத்தங்கரைக்குப் போனா மட்டும் என் மணிக்கட்டை விடமாட்டா. அழுத்திப் பிடிச்சுக்குவா. தண்ணிப் பக்கம் அவ, மேட்டுப் பக்கம் நான். பாவம், புள்ளைக்குத் தண்ணின்னா பயம் போலன்னு நெனச்சேன். "பயப்படாத, நான் இருக்கேன்ல"ன்னு தைரியம் சொல்லுவேன். நான்! தைரியம்! அவ "சும்மா இரு"ம்பா. ஒருநா அவ எங்க படகுலருந்து தொபுக்குன்னு குதிச்சு, நடு ஆத்துல மெதந்துக்கிட்டுப் போன வாளியை எடுத்துக்கிட்டு நீந்தி வந்தா. மீனு மாதிரி. அப்பவும் எனக்கு உறைக்கல பாத்துக்கங்க. அம்புட்டு வெளக்கெண்ணெய் நான்.

மழை நின்னு பனி விழ ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் அந்தப் பக்கத்துலருந்து எதிரி குண்டு போட ஆரம்பிச்சான். மொதல்ல தூரத்துல எங்கேயோ இடி மாதிரி. அப்புறம் எருமை குளிப்பாட்டுற துறையில ஒன்னு விழுந்துச்சு. எருமை ரெண்டு செத்துச்சு. மறுநா அகதிக் கொட்டகைக்குப் பின்னால ஒரு மரம் வேரோட போச்சு. கேப்டன் ஆர்டர் போட்டுட்டாரு: அகதிக எல்லாரும் பின்னால போகணும். மொதல்ல அனாதைப் புள்ளைக. உள்ள தள்ளி ஒரு டவுன்ல கன்னியாஸ்திரிக நடத்துற இல்லம் இருக்கு, அங்க கொண்டுபோயி விடணும். லாரி வந்து நின்னுச்சு.

புள்ளைக எல்லாம் ஏறிருச்சு. லாரியில போறதுன்னா அதுகளுக்குக் கொண்டாட்டம். பொகுல் மட்டும் ஏறல. செபஸ்தியான் தூக்கப் போனான், கையைக் கடிச்சு வச்சுட்டா. இன்னொருத்தன் போனான், அவனுக்கு வயித்துல ஒரு உதை. ஓடிப்போயித் தகரப் படகுக்கு அடியில பூந்துக்கிட்டா. "தம்பி! தம்பி!"ன்னு என்னையக் கையைக் காட்டிக் காட்டிக் கத்துறா. அந்தா விழுகுது, இந்தா விழுகுதுன்னு குண்டு. இவ உள்ள உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்கிறா. அந்தப் படகு தகரம் சார். ஒரு சில்லு பட்டாலும் ஓட்டை.

"மாஸ்டர், என்னதான் சொல்றா?"ன்னேன்.

"உங்களை விட்டுட்டு வரமாட்டாளாம். தம்பியை விட்டுட்டு எப்படிப் போறதுங்கிறா"ன்னாரு. பெறகுதான் சொன்னாரு. "அவளுக்கு நெசமாவே ஒரு தம்பி இருந்தான். நாலு வயசு. அந்தப் பக்கத்துலருந்து இந்த ஆத்தைத் தாண்டுறப்ப சுட்டாங்க. படகு கவுந்துருச்சு. அம்மாக்காரி சாகுறப்பச் சொன்னது, தம்பி கையை விட்டுறாதேன்னு. தண்ணி இழுத்துருச்சு. கை நழுவிருச்சு."

"பையன்?"

"மறுநா கீழ ஒதுங்குச்சு. நாந்தான் மண்ணைப் போட்டேன். அவகிட்ட யாரும் சொல்லல. அந்தக் கரைக்குப் போயி உக்காந்து உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. அந்தச் சமயத்துலதான் நீங்க வந்தீங்க. தாதா வேண்டாம், தம்பியாத்தான் இருப்பேன்னு அடம் பிடிச்சீங்க."

"நான் எங்க அடம் பிடிச்சேன்? நீங்க என்னையத் தாத்தான்னு கூப்பிடச் சொன்னா?"

"தாதான்னா எங்க பாசையில அண்ணன்"னாரு அவரு.

அப்ப எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. அண்ணனா இருந்துட்டுப் போயிருக்க வேண்டியவன், தாத்தான்னு நெனச்சு ரோசப்பட்டு, ஒரு புள்ளையோட செத்துப்போன தம்பி எடத்துல போயிச் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். உலகத்துலயே இந்தக் கூத்து வேற எவனுக்காவது நடந்திருக்குமா சார்?

கேப்டன் வந்தாரு. விசயத்தைக் கேட்டாரு. கறாரான மனுசன், ஆனா ஈரமுள்ளவரு. "தம்பி, அவகிட்ட உண்மையைச் சொல்லிரு. உன் தம்பி செத்துட்டான், நான் உன் தம்பி இல்லன்னு சொல்லு. அழுவா. அழுதா ஏத்தி விட்டுறலாம். புள்ள பொழைக்கணும்ல"ன்னாரு.

சரியான பேச்சுதான். பட்டாளத்துல சேந்த நாள்லருந்து "ஜீ சாப்" தவிர நான் வேற பேசுனதே கெடையாது. அன்னிக்குத்தான் மொத மொதல்ல "நஹி சாப்"ன்னேன். "சாப், நானும் லாரியில ஏறுறேன். தம்பி ஏறுனா அக்கா தன்னால ஏறும்"ன்னேன்.

அவரு என்னையப் பாத்தாரு. தாடியைத் தடவுனாரு. "சலோ தம்பி. சாயங்காலம் திரும்பிரணும்"ன்னாரு.

ஏறுனேன் சார். அனாதைப் புள்ளைக நடுவுல, முட்டியை மடக்கிக்கிட்டு, மீசையும் நானுமா உக்காந்தேன். கம்பெனிப் பயலுக கை தட்டுனான். படகுக்கு அடியிலருந்து அவ தலையை நீட்டிப் பாத்தா. நேரா வந்தா, ஏறுனா, என்னையத் தள்ளி உள் பக்கமா உக்கார வச்சா, ஓரத்துல அவ உக்காந்துக்கிட்டா. கீழ விழுந்துருவேன்னு பயமாம். என் மணிக்கட்டைப் பிடிச்சபடி.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அங்க போயி எப்படி விட்டுட்டு வர்றது? என்ன பொய் சொல்றது? சாமான் வாங்கப் போறேன்னு சொல்லுவமா? வயித்தை வலிக்குதுன்னு ஒதுங்கி அப்படியே ஓடிருவமா? மாஸ்டர்கிட்டக் கேட்டு ரெண்டு வார்த்தை அவுக பாசையில மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். "அழாதே, உன் தம்பி நல்லாருக்கான்"னு. அதைச் சொல்லித் தேத்திட்டு வந்துறணும்னு கணக்கு. அந்தப் புள்ளைக்கு என்னைய விட்டா யாரு இருக்கா, நான் போயிட்டா தாங்குமாங்கிற கவலை எனக்கு. ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு தூக்கிப் போடுதலுக்கும் அவ என்னையப் பிடிச்சுப் பிடிச்சு நிறுத்துறா. நான் அவளுக்காகக் கவலைப்பட்டுக்கிட்டிருக்கேன்.

டவுன் வந்துச்சு. பெரிய இரும்புக் கேட்டு. உள்ள வேப்பமரம் மாதிரி ஒரு மரம், சுத்தமா கூட்டி வச்ச முத்தம். வெள்ளை உடுப்புல ஒரு சிஸ்டரம்மா வந்து புள்ளைகளை ஒவ்வொன்னா எறக்கி உள்ள அனுப்புனாக. கடைசியா பொகுல் எறங்குனா. என்னையக் கையைப் பிடிச்சு எறக்கி விட்டா. சிஸ்டரம்மா என்னையக் காட்டி ஏதோ கேட்டாக. இவ "பாய்"ன்னா, தம்பின்னு அர்த்தம். அந்தம்மா என் மீசையைப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாக.

நான் மனப்பாடம் பண்ணுனதைச் சொல்லத் தொண்டையைக் கனைச்சேன். வரல. மொத வார்த்தையே மறந்து போச்சு. திரும்பக் கனைச்சேன். அந்தப் பாழாப்போன பூச்சி சரியா அந்த நேரம் பாத்து மறுபடியும் கண்ணுல விழுந்துருச்சு.

அவ அண்ணாந்து என்னையப் பாத்தா. அவுக பாசையில பேசல சார். எங்க பயலுககிட்டப் பொறுக்குன தமிழ்லயே பேசுனா.

"என் தம்பி செத்துப்போச்சு"ன்னா.

படகு மோட்டாரு நின்னுபோனா நாங்க சொல்ற வார்த்தை சார் அது. "மோட்டார் செத்துப்போச்சு"ம்போம். அதை வச்சுக்கிட்டு அந்தப் புள்ள தம்பியைச் சொல்லுது.

"தெரியும்"ன்னா. "ஆத்துல செத்துப்போச்சு. தெரியும்." அப்புறம் என் நெஞ்சுல வெரலை வச்சா. "நீ அழுவுறே. ஆத்துக்கிட்ட. தெனம் அழுவுறே. அதான் வந்தேன்."

தெனம் பாத்திருக்கா சார். அந்தப் படகுக்குப் பின்னால நான் தெனம் போயி உக்காந்து, ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு நெனச்சு, ஆத்தைப் பாத்து அழுதுக்கிட்டிருந்ததை. இந்த ஆத்துலதான் நான் சாகப் போறேன், ஊருக்குப் பொணம்கூடப் போகாதுன்னு நெனச்சு நெனச்சு அழுததை. நூறு ஆம்பளைக இருந்தோம். எவனுக்கும் தெரியல. தன் தம்பியை முழுங்குன ஆத்தங்கரையில ஒரு தடிப்பய உக்காந்து அழுகுறானேன்னு எரக்கப்பட்டு வந்திருக்கு. வந்து பாத்தா அந்தத் தடிப்பய, "நான் அண்ணன் இல்ல, சின்னத் தம்பி, சின்னத் தம்பி"ன்னு நெஞ்சைத் தட்டுறான். சரி, வா, நான் பாத்துக்கிறேன்னு கையைப் பிடிச்சிருக்கு. நான் என்னமோ அனாதைக்கு ஆதரவு குடுக்குறதா ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அவ அந்தச் சட்டை நுனியைப் பிடிச்சு என் மூக்கைத் தொடைச்சு விட்டா. எக்கி, எக்கி. நான் குனிஞ்சு குடுத்தேன். லாரி டிரைவரு ஆரன் அடிக்கிறான். அவ என் மணிக்கட்டை விட்டா. அவளா விட்டா சார், நான் இழுக்கல. "போ"ன்னா.

வந்துட்டேன். பொறவு சண்டை மூண்டுச்சு, அந்த ஆத்துல பாலம் போட்டோம், தாண்டுனோம். நான் சாகல, அதான் பாக்குறீங்களே. சண்டை முடிஞ்சு எங்களை வேற எங்கிட்டோ தூக்கிப் போட்டுட்டாக. அப்புறம் லீவு, ஊரு, புள்ளைக, பென்சன். எத்தனையோ தடவ அந்தப் பக்கம் ரயிலு போச்சு. டிக்கெட்டுக்கு வழியில்லாமலும் இல்ல. எம்பொண்டாட்டிகூட, "ஒரு எட்டுப் போயித்தான் பாத்துட்டு வாங்களேன்"னு சொல்லாத வருசமில்ல. ஏதாவது சாக்குச் சொல்லிருவேன்.

நம்ம வீடுகள்ல ஒருத்தன் கெளம்புனா "போ"ன்னு சொல்லுவமா சார்? சொல்ல மாட்டோம். போயிட்டு வாம்போம். நாங்க அந்தப் புள்ளைகளுக்கு வா சொல்லிக்குடுத்தோம், போ சொல்லிக்குடுத்தோம், போயிட்டு வான்னு சேத்துச் சொல்லிக்குடுக்க ஒரு பயலுக்கும் தோணல. அவ போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டாயம் போயிருப்பேன் சார். அவ போன்னுதானே சொன்னா.